அப்பாவின் கண்ணுக்கு ஸ்டெம் செல் ஊசியா, ட்ரையலா?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரையும் பிரஷரும் பல வருஷமாக உண்டு. ஆறு வாரத்துக்கு முன்னால் காலையில் எழுந்தவர், வலது கண்ணில் கீழ்ப்பாதி மறைக்கிறது என்றார். வலி எதுவும் இல்லை. கண் மருத்துவமனையில் பார்த்துவிட்டு என்.ஏ.ஐ.ஓ.என், அதாவது பார்வை நரம்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது, இதற்கு நிரூபணமான சிகிச்சை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கண்ணில் இப்போது 6/36 தெரிகிறது, அதாவது நல்ல கண் 36 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரில்தான் படிக்க முடிகிறது. நெட்டில் தேடியபோது, ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்) ஊசி போட்ட சிலருக்குப் பார்வை கூடியதாக ஒரு கேஸ் ஸ்டடி கிடைத்தது. அதே ஊசியை ஆராய்ச்சி என்று சொல்லிக் கட்டணம் வாங்கிப் போடும் ஒரு மையமும் இருக்கிறது, பாதுகாப்புக்காக நல்ல கண்ணிலும் அன்றைக்கே போட்டுவிடலாம் என்கிறார்கள். எங்கள் மருத்துவமனையிலோ ஒரு மாத்திரை ட்ரையலில், அதாவது மருந்தை ஒப்பிட்டுச் சோதிக்கும் ஆய்வில், சேர விருப்பமா என்று கேட்கிறார்கள், அதில் பாதிப் பேருக்கு உண்மையான மருந்து கிடைக்காதாம். தம்பி ஊசிதான் வேண்டும் என்கிறான். அப்பாவைச் சோதனை எலியாக்க எனக்கு மனசு வரவில்லை. எதை நம்புவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வீட்டு விவாதத்துக்குள் போவதற்கு முன்னால் அவசரமான ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். அப்பாவுக்கு உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் எடுத்தார்களா? எடுத்திருந்தால் ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் பார்வை நரம்பு இப்படித் திடீரென்று அடிபட்டால், ரத்தக்குழாய் அழற்சியால் வரும் ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் இல்லை என்று உறுதி செய்வதுதான் முதல் வேலை. புதிதாகத் தலைவலி, சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலித்து நிறுத்த வேண்டியிருப்பது, தலை வாரினால் மண்டைத்தோல் வலிப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், இவற்றில் எதாவது இருந்ததா என்று அப்பாவிடமே உட்கார்ந்து கேளுங்கள். அந்த நோயில் அடுத்த கண் சில நாட்களிலேயே போய்விடக்கூடும். ஸ்டீராய்டை உடனே ஆரம்பித்தால் அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியும். உங்கள் மருத்துவர் சொன்ன நோயின் பெயரில் முதலில் வரும் என்.ஏ என்பது 'நான்-ஆர்ட்டரிட்டிக்', அதாவது ரத்தக்குழாய் அழற்சியால் வராதது, என்பதால் இதைப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன், இருந்தாலும் ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சரி, இனி நீங்கள் கேட்டது. அந்த மையத்துக்குப் போக வேண்டாம். நல்ல கண்ணில் ஊசி போட யார் சொன்னாலும், எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், வேண்டவே வேண்டாம். மருத்துவமனை ட்ரையலைப் பற்றி யோசிக்கலாம், ஆனால் சில கேள்விகளுக்குப் பதில் வாங்கிய பிறகு. தம்பியிடம் நீங்கள் பேச வேண்டியிருக்கும் என்பதால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் இருக்கின்றன. அவ்வளவும் கண்ணுக்குப் பின்னால் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு துவாரம் வழியாகத்தான் வெளியே போகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே அந்த இடம் இன்னும் நெருக்கமாக இருக்கும், கண்ணுக்குள் பார்க்கும் மருத்துவருக்கு அது தெரியும். அங்கே ரத்த ஓட்டம் குறைந்தால் நரம்பு வீங்குகிறது, வீங்க இடமில்லாததால் பக்கத்து இழைகளையும் நெரிக்கிறது. இந்த வீக்கம் சாதாரணமாக ஆறிலிருந்து பத்து வாரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். வடிந்த பிறகு எவ்வளவு இழை பிழைத்திருக்கிறதோ அவ்வளவுதான் மிச்சம். உங்கள் அப்பா இப்போது இந்தக் கட்டத்தின் நடுவில்தான் இருக்கிறார், பார்வை இன்னும் மாறலாம்.

நீங்கள் படித்த கேஸ் ஸ்டடியை நான் பார்க்கவில்லை, அதனால் அதை எழுதியவர்களைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஒரு நோய்க்கே இப்படி ஒரு கதை ஏற்கெனவே நடந்திருக்கிறது, அதைத் தம்பிக்குச் சொல்லுங்கள். 1980-களின் கடைசியில், பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறையில் ஒரு கீறல் போட்டு அழுத்தத்தைக் குறைத்தால் இந்த நோயாளிகளுக்குப் பார்வை திரும்புகிறது என்று கட்டுரைகள் வந்தன. எழுதியவர்கள் பெயர் பெற்ற நிபுணர்கள், நேர்மையானவர்கள். சொன்ன காரணமும் கேட்பதற்கு நியாயமாக இருந்தது: நரம்பு நெருக்கப்படுகிறது, நெருக்கத்தைத் தளர்த்துகிறோம், பார்வை கூடுகிறது. வேறு வழியே இல்லாத நோய் என்பதால் அறுவை சிகிச்சை வேகமாகப் பரவியது. அப்புறம்தான் அமெரிக்காவில் 25 மையங்கள் சேர்ந்து முறையான ஒரு ட்ரையல் நடத்தின. 244 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள், இன்னொரு பாதியை எதுவும் செய்யாமல் கவனமாகத் தொடர்ந்து பார்த்தார்கள். 1995-ல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்களில் 32.6 சதவீதம் பேருக்குப் பார்வை எழுத்துப் பலகையில் மூன்று வரியோ அதற்கு மேலோ கூடியிருந்தது. எதுவும் செய்யாதவர்களில் அப்படிக் கூடியவர்கள் 42.7 சதவீதம்! பார்வை மூன்று வரியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் எதுவும் செய்யாத பக்கத்தில் 12.4 சதவீதம், அறுவை சிகிச்சைப் பக்கத்தில் 23.9 சதவீதம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ட்ரையலை மேற்பார்வை பார்த்த குழு இதைக் கண்டதும் ஆள் சேர்ப்பதையே நிறுத்தச் சொல்லிவிட்டது.

இந்த எண்களை நான் இளம் மருத்துவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் எனக்கே மனசு கனக்கிறது. ஏனென்றால் அதற்கு முன்னால் இந்த நோயில் பார்வை தானாகத் திரும்பாது என்றுதான் பாடப்புத்தகம் சொன்னது. எதுவுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று யாரும் ஒழுங்காக எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அதனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கூடிய ஒவ்வொரு வரியும் கத்தியின் கணக்கில் சேர்ந்துகொண்டே போனது. உங்களுக்குக் கிடைத்த கேஸ் ஸ்டடியில் ஊசி போட்டவர்களுக்குப் பார்வை கூடியது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊசி போடாமலே பத்தில் நான்கு பேருக்கு அது கூடியிருக்கும் என்பதுதான் விஷயம். பார்வை கூடாத மிச்சப் பேரைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பார்வை கூடியது என்று ஒருவர் எழுதும்போது அது எப்படி அளக்கப்பட்டது என்று யோசியுங்கள். அப்பாவுக்குக் கீழ்ப்பாதிதானே மறைக்கிறது? எழுத்துப் பலகை முன்னால் அவர் உட்காரும்போது பாருங்கள். முதல் நாள் நேராகப் பார்த்து, தெரியவில்லை என்று நிறுத்தியிருப்பார். நாலாவது வாரம், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, தலையைக் கொஞ்சம் சாய்த்து, விழியை ஓர் ஓரத்துக்கு ஒதுக்கி, நன்றாக இருக்கும் பகுதிக்கு எழுத்தைக் கொண்டுவந்து, ஒன்று, இரண்டு என்று பிடித்துவிடுவார். நரம்பில் எந்த மாற்றமும் இல்லை, ஆனால் ரிப்போர்ட்டில் இரண்டு வரி கூடிவிட்டது. பக்கத்தில் நிற்பவருக்கு இவர் சிகிச்சை எடுத்தவர் என்று தெரிந்திருந்தால், இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க ஐயா, அடுத்த வரியையும் பாருங்க என்று குரலில் ஊக்கம் வந்துவிடும், அதில் ஒரு வரி கூடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, மனித இயல்புதான். அதனால்தான் நல்ல ட்ரையலில் கண் அளப்பவருக்கு யார் எந்தப் பக்கம் என்று தெரியவிடமாட்டார்கள். கண்ணாடிப் பவரை முதலில் சரிபார்த்து, நான்கு மீட்டரில் ஒரே மாதிரிப் பலகை வைத்து, வரிக்கு ஐந்து எழுத்து என்று ஒவ்வொரு எழுத்தாக எண்ணுவார்கள். எப்போது நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பதற்குக் கூட எழுதி வைத்த விதி இருக்கும்.

கேஸ் ஸ்டடியில் ஓ.சி.டி என்ற, நரம்பின் தடிமனை அளக்கும் ஸ்கேன் படம் போட்டு, ஊசிக்குப் பிறகு நரம்பின் தடிமன் நார்மலுக்கு வந்துவிட்டது என்று காட்டியிருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வீங்கிய நரம்பு தடித்துத் தெரியும், மாதங்கள் போனபின் செத்த இழைகள் மறைந்து மெலிந்து தெரியும். தடித்த நிலையிலிருந்து மெலிந்த நிலைக்கு இறங்கும் வழியில் ஒரு கட்டத்தில் அளவு நார்மல் போலத்தான் இருக்கும். அந்த வாரத்தில் எடுத்த படத்தைக் காட்டி, குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லிவிடலாம். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனும், எந்தப் பகுதி மறைக்கிறது என்று அளக்கும் ஃபீல்டு டெஸ்டும் அந்தக் கட்டுரையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஸ்டீராய்டு பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள் என்பதால் அதையும் ஒரு வார்த்தை. 2008-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு 613 நோயாளிகளைத் தொடர்ந்தது, ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குப் பார்வை அதிகம் கூடியதாகச் சொன்னது. ஆனால் அதில் மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்தது நோயாளிகளே. அப்படித் தேர்ந்தெடுத்தவர்களும் தேர்ந்தெடுக்காதவர்களும் ஆரம்பத்திலேயே வேறு வேறு மாதிரி ஆட்களாக இருந்திருக்கலாம், வித்தியாசம் மருந்தால் வந்ததா ஆட்களால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அதனால் கண் மருத்துவர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. சர்க்கரை உள்ளவருக்கு அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை எகிறும் என்பது மட்டும் நிச்சயம்.

குறைமாதக் குழந்தைகளின் கண்ணில் நடந்த ஒன்றையும் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. 1949 வாக்கில் நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் என்ற குழந்தை மருத்துவர், விழித்திரை நோய் ஆரம்பித்த குறைமாதக் குழந்தைகளுக்கு ஏ.சி.டி.எச் என்ற ஹார்மோன் ஊசியைக் கொடுத்துப் பார்த்தார். 31 குழந்தைகளில் 25 பேர் நல்ல பார்வையோடு வீட்டுக்குப் போனார்கள். அதே ஊரில் இன்னொரு மருத்துவமனையில் இந்த ஊசி கொடுக்காத 7 குழந்தைகளில் 6 பேருக்குப் பார்வை போயிருந்தது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்றுதான் எவருக்கும் தோன்றும். அவர் அதோடு நிற்கவில்லை, முறையாக ஒப்பிட்டுப் பார்க்கும் ட்ரையல் நடத்தினார். அதில் ஊசி போட்ட குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கும், போடாதவர்களில் ஐந்தில் ஒரு பங்கும் பார்வை இழந்தார்கள். ஊசி போட்ட பக்கத்தில் தொற்றால் இறந்தவர்களும் அதிகம். அந்த நோயின் ஆரம்ப நிலையிலுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு அது தானாகவே அடங்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. தன் கண் முன்னால் 25 குழந்தைகள் நன்றாகப் போனதைப் பார்த்த பிறகும் சந்தேகப்பட ஒருவருக்கு எவ்வளவு மனவலிமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு கேஸ் ஸ்டடியே வீண் என்று நினைத்துவிடாதீர்கள், அப்படி இல்லை. 1941-ல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையோடு வந்த 78 குழந்தைகளைக் கவனித்துவிட்டு, அவர்களில் பெரும்பாலோரின் தாய்மார்களுக்குக் கர்ப்பகாலத்தில் ரூபெல்லா என்ற வைரஸ் அம்மை வந்திருந்தது என்பதைக் கண்டுபிடித்து எழுதினார். ஒரு வைரஸ் வயிற்றிலுள்ள சிசுவின் உறுப்புகளைக் குலைக்கும் என்று உலகத்துக்குத் தெரிந்ததே அதனால்தான். 2005-ல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெவாசிசுமாப் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போட்டு, விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் வயதாவதால் வரும் நோயில் கசிவு வற்றியதை ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரையாக எழுதினார்கள். அது உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அதுவும் அந்த ஒரு கட்டுரையை வைத்து மட்டும் நிலைக்கவில்லை. 1,208 பேரைச் சேர்த்த ட்ரையலில், இந்தக் கண் நோய்க்கென்றே அங்கீகாரம் பெற்றிருந்த ரானிபிசுமாப் மருந்தோடு நேருக்கு நேர் வைத்து, இரண்டும் பார்வையைச் சமமாகவே காப்பாற்றுகின்றன என்று 2011-ல் காட்டிய பிறகுதான் மருத்துவர்கள் நிம்மதியானார்கள். இதைக் கொஞ்சம் பாருங்கள் என்று மற்ற மருத்துவர்களைக் கூப்பிடத்தான் கேஸ் ஸ்டடி எழுதுகிறோம். உங்கள் அப்பாவுக்குச் செய்யலாம் என்ற அனுமதி அதில் இல்லை.

கெடுதலைக் காட்டுவதில் மட்டும் கேஸ் ஸ்டடிக்கு வேறு எடை உண்டு. 2017-ல் மூன்று பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. தம்பி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். 72 வயதிலிருந்து 88 வயது வரை உள்ளவர்கள், மாக்குலா நோய் இருந்தது, ஆனால் அவர்களின் கண்கள் 6/9-லிருந்து 6/60 வரை பார்த்துக்கொண்டிருந்தன, அதாவது வீட்டில் தாங்களாக நடமாடும் அளவுக்குப் பார்வை இருந்தது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ஒரு மையத்தில் அவர்களின் வயிற்றுக் கொழுப்பிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து, ஸ்டெம் செல் என்று சொல்லி, இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி போட்டார்கள். ஒரு வாரத்துக்குள் பிரச்சினை ஆரம்பித்தது. ரத்தக்கசிவு, கண் அழுத்தம், விழித்திரை பிய்ந்து விலகுவது என்று வரிசையாக வந்தது. ஒரு வருஷம் கழித்து அவர்களின் பார்வை 6/60-லிருந்து வெளிச்சமே தெரியாத நிலை வரைக்கும் போயிருந்தது. இது ஆராய்ச்சி என்று நம்பிப் போனவர்களும் அதில் உண்டு, அரசின் ட்ரையல் பதிவேட்டில் அப்படி ஒரு பெயரும் பதிவாகியிருந்தது. ஆனால் கையெழுத்து வாங்கிய தாள்களில் ட்ரையல் என்ற பேச்சே இல்லை, கட்டணமும் வாங்கியிருந்தார்கள். பதிவேட்டில் பெயர் இருப்பதால் அந்த ஆய்வை யாரோ சரிபார்த்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கண்ணுக்குள் போடும் செல்கள் நரம்பாக மாறிவிடும் என்பது ஆசை. அவை அங்கே சவ்வாகப் படர்ந்து, சுருங்கி, விழித்திரையைப் பிடித்து இழுக்கக்கூடும் என்பது கண்கூடாகப் பார்த்தது. அப்பாவின் பார்வை நரம்பில் செத்த இழைகள் மறுபடி வளர்ந்து மூளை வரை போய்ச் சேர வேண்டும். அதை மனிதக் கண்ணில் யாரும் இதுவரை செய்து காட்டியதில்லை.

அதே 2017-ல் நடந்த இன்னொன்றை இதோடு வைத்துப் பாருங்கள். ஆர்.பி.இ.65 என்ற மரபணுக் கோளாறால் சிறு வயதிலேயே பார்வை போகும் ஓர் அரிய நோய்க்கு முதல் மரபணு சிகிச்சைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கான ட்ரையலில் சேர்ந்தவர்கள் 31 பேர்தான். அவ்வளவு குறைவான பேரை வைத்துக்கொண்டும் ஒரு பகுதியினருக்குச் சிகிச்சை கொடுத்து, ஒரு பகுதியினரைச் சிகிச்சை இல்லாமல் ஒரு வருஷம் தொடர்ந்து, ஒப்பிட்டார்கள். இரண்டு கண்ணுக்கும் சிகிச்சை உண்டு, ஆனால் ஒரே நாளில் இல்லை. முதல் கண்ணுக்கும் இரண்டாவது கண்ணுக்கும் நடுவில் குறைந்தது ஆறு நாள் இடைவெளி விட்டார்கள். ஒரு வருஷம் காத்திருந்தவர்களுக்கும் அதன் பிறகு அதே சிகிச்சை கொடுத்தார்கள். அந்த மருந்தைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர்களே இரண்டு கண்ணையும் ஒரே நாளில் தொடவில்லை. உங்கள் அப்பாவின் நல்ல கண்ணைப் பாதுகாப்புக்காக என்று ஊசியால் குத்த ஒருவர் தயாராக இருக்கிறார் என்றால், அவரிடமிருந்துதான் அந்தக் கண்ணைப் பாதுகாக்க வேண்டும்.

இனி சோதனை எலி என்ற உங்கள் பயம். பாதிப் பேருக்கு மருந்து கிடைக்காது என்பது கேட்கக் கொடுமையாக இருக்கிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மருந்து நல்லது செய்யுமா கெடுதல் செய்யுமா என்று இப்போதைக்கு யாருக்கும் தெரியாது, அதனால்தான் ட்ரையலே நடக்கிறது. நரம்புறை அறுவை சிகிச்சை ட்ரையலில் எதுவும் கிடைக்காத பக்கத்தில் விழுந்தவர்கள்தான் தப்பித்தார்கள். ஒப்பீடே இல்லாமல், கணக்கே எழுதாமல், காசு வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் ஊசி போடும் இடத்தில் போய் உட்கார்ந்தால், அங்கேதான் அப்பா சோதனை எலி. அந்தச் சோதனையால் யாரும் எதையும் கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை.

ஆனால் எந்த ட்ரையலாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லமாட்டேன். முதலில் கேட்க வேண்டியது, நோய் வந்து எத்தனை நாளுக்குள் இருப்பவர்களை இதில் சேர்க்கிறார்கள் என்பது. இந்த நோய்க்கு நரம்பைக் காப்பாற்றப் பார்த்த முக்கியமான ட்ரையல்கள் இரண்டு வாரத்துக்குள் வந்தவர்களைத்தான் எடுத்தன, அப்பாவுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது. ஆறு வாரம் கழித்து இந்த மாத்திரை எதைக் காப்பாற்றப் போகிறது என்று கேளுங்கள், நல்ல ஆய்வாளரிடம் தெளிவான பதில் இருக்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, பாதுகாப்பை மேற்பார்வை பார்க்கத் தனிக் குழு இருக்கிறதா, மாத்திரையால் உடம்புக்கு ஏதாவது ஆனால் சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள், ட்ரையலுக்கென்று எடுக்கும் பரிசோதனைகளுக்கு நாங்கள் பணம் கட்ட வேண்டுமா, இதெல்லாம் ஒப்புதல் படிவத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். ட்ரையலுக்கான மருந்துக்கே காசு கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். மருந்து பலன் கொடுத்தால் மாத்திரை கிடைக்காத பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பிறகு அதைக் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது என்ற வரியையும் தேடிப் பாருங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்து படிக்க விடமாட்டோம் என்று சொன்னால் அந்த ட்ரையல் வேண்டாம். இவ்வளவும் கேட்ட பிறகு முடிவெடுக்க வேண்டியது நீங்களோ தம்பியோ இல்லை, அப்பா. உங்கள் கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி கூட இல்லையே, அவரிடம் கேட்டீர்களா?

ட்ரையலில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன, எல்லாம் அடுத்த கண்ணுக்காக. நரம்புறை அறுவை சிகிச்சை ட்ரையலில் இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், ஐந்து வருஷத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு மறு கண்ணிலும் இந்த நோய் வந்தது. அப்பா குறட்டை விடுவாரா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவாரா, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்தால் தூக்கப் பரிசோதனை எடுக்க வேண்டும், இந்த நோய் உள்ளவர்களில் தூக்க மூச்சடைப்பு நிறையப் பேருக்கு இருக்கிறது, அதற்குச் சிகிச்சையும் உண்டு. பிரஷர் மாத்திரையை இரவு படுக்கும் முன் போடுகிறாரா என்று பாருங்கள். தூக்கத்தில் பிரஷர் இயல்பாகவே இறங்கும், மாத்திரையும் சேர்ந்து இன்னும் இறக்கினால் நரம்புக்கு ரத்தம் குறையலாம் என்ற கருத்து இருக்கிறது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நேரத்தை மாற்றலாமா என்று மாத்திரை எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள். சர்க்கரைக்கு செமாகுளூடைடு எடுக்கிறார் என்றால் அதையும் கண் மருத்துவர், சர்க்கரை மருத்துவர் இருவரிடமும் சொல்லுங்கள், 2024-ல் இந்த மருந்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஓர் ஆய்வு வந்து, 2025-ல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை மிக அரிதான பக்கவிளைவாகச் சேர்த்துவிட்டது. ஆண்மைக்குறைவுக்கு மாத்திரை எடுத்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மகளிடம் சொல்லக் கூச்சப்படுவார், மருத்துவரோடு அவரைத் தனியாகப் பேச விடுங்கள். புகைப் பழக்கம் இருந்தால் நிறுத்தியே ஆக வேண்டும்.

படிக்கவும் படி இறங்கவும் இப்போது அவர் தடுமாறுவார், கீழ்ப்பக்கம் மறைப்பதால் வரும் சிரமம் அது. படிகளின் ஓரத்தில் பளிச்சென்ற நிறத்தில் பட்டை ஒட்டுங்கள், படிக்கும் புத்தகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் ஃபீல்டு டெஸ்ட், ஓ.சி.டி இரண்டையும் ஒரே மெஷினில் எடுத்து வரிசையாக வைத்திருங்கள். தினமும் காலையில் வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் மட்டும் சுவர்க் காலண்டரைப் பார்க்கும் பழக்கத்தை அவருக்கு ஏற்படுத்துங்கள். அந்த இடது கண்ணில் சின்ன நிழல் தெரிந்தாலும், மங்கினாலும், அல்லது தலைவலியும் மெல்லும்போது தாடை வலியும் வந்தாலும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே, ராத்திரியாக இருந்தாலும், அவசரப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.